ஷா ஆலமில் ஐம்பத்தாறு நாற்காலிகள்

பொதுத் தேர்தல் என்றால் நம் கையில் இரண்டு வாக்குச் சீட்டுகளைக் கொடுத்த காலம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒன்று நாடாளுமன்றத்துக்கு, மற்றொன்று சட்டமன்றத்துக்கு. நாடாளுமன்றச் சீட்டில் யாருக்குப் புள்ளடி போட்டோம் என்பதை நம்மவர்கள் பத்து வருஷம் கழித்தும் ஞாபகமாகச் சொல்வார்கள். சட்டமன்றத்துக்கு நின்றவர் யார் என்று கேட்டால், "அவரும் அதே கட்சிதானே, பேருதான் வாயில வர மாட்டேங்குது" என்று தலையைச் சொறிவார்கள்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் சிலாங்கூர் மக்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லாமற் போயிற்று. நாடாளுமன்றத் தேர்தல் 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆகவே அன்று கையில் கொடுத்தது ஒரே ஒரு சீட்டு, சட்டமன்றச் சீட்டு. பினாங்கு, கெடா, கிளந்தான், திரங்கானு, நெகிரி செம்பிலான் ஆகிய ஐந்து மாநிலங்களும் அதே நாளில் வாக்களித்தன. எங்கள் பள்ளிப் பெற்றோர் சிலர் அப்போது என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "போன வருஷந்தானே ஓட்டுப் போட்டோம், மறுபடியும் எதுக்குங்க?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் இரண்டு சகோதரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் அக்காள் நாடாளுமன்ற உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறாள், சட்டமன்ற உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறாள். பிரிக்பீல்ட்ஸ் தங்கைக்குச் சட்டமன்ற உறுப்பினரே கிடையாது! 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அன்று சுல்தான் சலாஹுடின் கண்கலங்கினார் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பிரிவின் நினைவாக எழுப்பிய பெரிய வளைவுதான் கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் எல்லையில் நாம் கடந்து போகும் கோத்தா டாருல் ஏசான். தங்கையின் வீட்டு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டால் அவள் கோலாலம்பூர் மாநகர மன்றத்துக்கு எழுதலாம், நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கலாம். அவளுக்கென்று மாநில மன்றத்தில் எழுந்து கேட்க ஒருவரும் இல்லை. கிள்ளான் அக்காளுக்கு உண்டு. அவர் உட்காரும் இடம் ஷா ஆலம்.

தலைநகரை இழந்த சிலாங்கூர் புதிய தலைநகராக 1978 டிசம்பர் 7ஆம் நாள் ஷா ஆலமை அறிவித்தது. இந்த ஊர் அமைந்த நிலம் முன்பு சுங்கை ரெங்காம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலம். நம் பாட்டன்மார் மங்கைச் சுமந்துகொண்டு நடந்த வட்டாரத்தில்தான் இன்று அரசாங்க அலுவலகங்களும் வட்டச் சாலைகளும் நிற்கின்றன. மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்று நகரத்தின் நடுவே இருந்தும் தோட்டத்தின் பெயரை விடாமல் வைத்திருக்கிறது.

1959இல் இந்தச் சட்டமன்றத்துக்கு 28 தொகுதிகள். 1969இல் அந்த 28உம் ஆளுங்கட்சிக்கு 14, மற்றவர்களுக்கு 14 எனச் சரிபாதியாகப் பிரிந்து நின்று நாட்டையே திகைக்க வைத்தது. 2004 முதல் தொகுதிகள் 56. அந்த ஐம்பத்தாறு பேரில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெற்றவரை சுல்தான் மந்திரி பெசாராக நியமிக்கிறார். அவரோடு பத்துப் பேர் வரை ஆட்சிக்குழு உறுப்பினர்களாக இருப்பார்கள். மத்தியில் அமைச்சரவை செய்யும் வேலையை மாநிலத்தில் இந்தக் குழு செய்கிறது. 2023இல் அமைந்த ஆட்சிக்குழுவில் பந்திங் தொகுதியின் பாப்பாராய்டு இடம் பெற்றார்.

சரி, இந்த மன்றத்துக்கு என்ன அதிகாரம்? நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் மத்திக்கு இன்னது, மாநிலத்துக்கு இன்னது, இருவருக்கும் பொதுவானது இன்னது எனப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், குடியுரிமை, தொழிலாளர் சட்டம் எல்லாம் மத்தி. மாநிலத்தின் பங்கில் இஸ்லாமிய சமயக் காரியங்கள், மலாய் மரபு, நிலம், விவசாயம், காடு, ஊராட்சி மன்றங்கள் வருகின்றன. சுடுகாடு, சந்தை, அடுத்தவர் நிலத்தில் மேயும் மாட்டைப் பிடித்துக் கட்டும் பட்டி ஆகியவையும் மாநிலத்துக்கே. ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும்கூடப் பட்டியலில் உண்டு. கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் பட்டியலைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று ஏளனம் செய்பவர்கள் நிலம் என்ற ஒரு சொல்லைக் கவனிப்பதில்லை. நாம் நிற்கும் தரை, வீடு, கோவில், பள்ளிக்கூடத் திடல், கடைசியில் நம்மை எரிக்கும் இடம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

ஒரு தோட்டத்து லயத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரை ஒழுகுகிறது, குடிதண்ணீர்க் குழாய் சரியில்லை என்றால் நிர்வாகத்தின் மேல் புகார் செய்ய வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. அதற்கென்று 1990ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் இருக்கிறது. அது மத்திய அரசின் சட்டம். வீட்டைத் தாண்டி நூறடி போனால் பள்ளிக்கூடம். அங்கே ஆசிரியர் போதாது என்றால் கல்வி அமைச்சு, அதுவும் மத்தி. ஆனால் அந்த லயமும் பள்ளியும் நிற்கும் தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்றால், விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றித் தரும் அதிகாரம் மாநில அரசுக்கு. விண்ணப்பம் நில அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஆட்சிக்குழுவுக்குப் போகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பதென்றால் மாநிலத்தின் தோட்ட நில வாரியம் அனுமதிக்க வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடலால் நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு தெருவுக்கு வந்த கதையும், அதைப் பார்த்து 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய கதையும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி மன்றத்துக்குள் போவோம். ஆண்டுக்குச் சில தடவைதான் கூடுகிறது. ஆண்டின் தொடக்கத்தில் சுல்தான் உரையோடு ஆரம்பம், நடுவில் ஒரு கூட்டம், நவம்பர் வாக்கில் வரவு செலவுத் திட்டக் கூட்டம். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது விதி. "வருஷத்தில் சில வாரம் வேலை, மாதா மாதம் சம்பளமா?" என்று கேட்காதீர்கள். மீதி நாளெல்லாம் அவர்களுக்குத் தொகுதியில் சேவை மையம், திருமண வீடு, மரண வீடு, வெள்ளம் வந்த வீடு என்று போய்விடும்.

காலை பத்து மணிக்குச் சபாநாயகர் வருவார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். துஆ ஓதி முடித்து உட்கார்ந்ததும் முதல் வேலை கேள்வி நேரம். நம் பள்ளிக்கூடத்தைப் போல ஆசிரியர் கேட்டு மாணவன் விழிப்பதல்ல. உறுப்பினர்கள் தங்கள் கேள்விகளைப் பல நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். சம்பந்தப்பட்ட இலாகாவில் ஒரு கிராணியோ அதிகாரியோ கோப்பைத் தேடி எடுத்துப் பதில் தயாரிப்பார். ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து அதை வாசிப்பார். அதற்குப் பிறகுதான் ருசியான பகுதி. கேட்டவர் விடாமல் துணைக்கேள்வி போடுவார். அதற்கு எழுதி வைத்த பதில் கிடையாது. ஆட்சிக்குழு உறுப்பினருக்குத் தன் இலாகா தெரியுமா தெரியாதா என்பது அந்த இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நேரம் முடிந்து, எழுந்து கேட்க முடியாமற்போன கேள்விகளுக்குப் பதில் எழுத்தில் வரும்.

கேள்விகள் எதைப் பற்றி? ஓர் உறுப்பினர் தன் தொகுதியில் குண்டும் குழியுமான சாலையைப் பற்றிக் கேட்பார். இன்னொருவர் ஆற்றங்கரையில் குப்பை கொட்டுகிறவர்கள் மேல் என்ன நடவடிக்கை என்பார். மலிவு விலை வீடு எத்தனை கட்டி முடிந்தது, சந்தையில் கடைக்கு உரிமம் யாருக்குக் கிடைத்தது, குழாயில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று போகும். தண்ணீர் விஷயம் சிலாங்கூரில் எப்போதும் சூடானது. 2014இல் வறட்சியில் தண்ணீரை முறை வைத்து விட்டபோது வாளியோடு நின்ற தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2008இல் மாதம் இருபது கன மீட்டர் தண்ணீர் இலவசம் என்று மாநில அரசு கொண்டுவந்த திட்டம் பிறகு 2020இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது.

சாக்கடையும் குப்பையும் சட்டமன்றத்துக்கு எதற்கு, அதற்குத்தான் நகராண்மைக் கழகம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. சிலாங்கூரில் மாநகர மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. ஆனால் அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு அது அடியோடு போயிற்று. அன்று முதல் மாநில அரசே அவர்களை நியமிக்கிறது. ஆகவே நம் தெருச் சாக்கடைக்கு மிக அருகில், நம் வாக்கினால் உட்காருகிற ஆள் சட்டமன்ற உறுப்பினர்தான். குப்பையைப் பற்றி அவர் மன்றத்தில் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிற படித்தவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கேள்வி நேரம் முடிந்தால் மசோதாக்கள். மூன்று வாசிப்பு, நடுவில் குழு நிலை விவாதம், பிறகு குரல் வாக்கெடுப்பு. இதைப் பார்க்கப் போகிறவர்கள் கொட்டாவிக்குத் தயாராகப் போவது நல்லது. மன்றத்தில் எல்லாம் மலாய்மொழியிலேயே நடக்கும்.

பணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2024ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு போட்ட வரவு செலவுத் திட்டம் 393.8 பில்லியன் வெள்ளி. அதே ஆண்டுக்குச் சிலாங்கூர் போட்டது 2.53 பில்லியன். நாட்டின் மிகப் பணக்கார மாநிலத்துக்கே மத்திய அரசின் செலவில் நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை! வருமான வரி, சுங்க வரி எல்லாம் மத்திக்குப் போய்விடுகின்றன. தலைக்கு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு என்று மத்தி மானியம் தருகிறது. மாநிலத்தின் சொந்த வருமானத்தில் பெரும்பங்கு நிலத்திலிருந்து வருகிறது. ஆண்டு நிலவரியும், விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும்போது நில உரிமையாளர் கட்டும் பிரிமியமும் அதில் முக்கியம். இதை ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். தோட்டத்தைப் பட்டணமாக மாற்ற அனுமதி தருவதும் மாநிலம், மாற்றினால் காசு பார்ப்பதும் மாநிலம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கு மாறாது. லயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு வீடு எங்கே என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் அது தானாக ஞாபகத்துக்கு வரும் என்று நான் நம்பவில்லை.

கடிதம் எழுதிக் கொடுப்பது தோட்டத்து ஆசிரியருக்கு இரண்டாவது உத்தியோகம் என்பது உங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், முப்பது வருஷம் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் வந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் கொடுத்த கடிதம் கையில் இருந்தது. அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

"வாத்தியாரய்யா, நேரா பிரதமருக்கே எழுதிப் போடுங்க" என்றார்.

"அண்ணே, பிரதமருக்கு எழுதலாம். ஆனா இந்த நெலம் அவர் கையில இல்லையே" என்றேன்.

"நாட்டுக்கே பெரியவரு கையில இல்லாதது யாரு கையிலய்யா இருக்கு?" என்று அவர் கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உட்கார்ந்து எழுதினோம். பிரதமருக்கு அல்ல, அத்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு. புலம்பல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூன்றே மூன்று விஷயம் கேட்டோம். இந்த லாட்டு எண் கொண்ட நிலத்துக்கு நில மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் முடிவு என்ன? அதில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு மாற்று வீடு நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டதா? உறுப்பினர் அதை எழுத்துக் கேள்வியாக அனுப்பினார். மாதங்கள் கழித்து வந்த பதில் ஒரு பக்கம்கூட இல்லை. ஆனால் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, முடிவாகவில்லை என்று ஒரு வரி அதில் இருந்தது. நிர்வாகமோ அதுவரை "எல்லாம் முடிந்துவிட்டது, கிளம்புங்கள்" என்றே சொல்லி வந்தது. அந்த ஒரு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பங்கள் ஒன்றாகப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தன. எல்லோருக்கும் வீடு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பலருக்குக் கிடைத்தது. சிலர் அவசரப்பட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு முன்பே போய்விட்டார்கள். அந்தப் பெரியவர் இப்போது மகனோடு சின்னதொரு தரை வீட்டில் இருக்கிறார், வாசலில் முருங்கை வைத்திருக்கிறார்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நில மாற்றத்துக்கு மன்றம் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. அது ஆட்சிக்குழுவின் மூடிய அறையில் முடிகிற காரியம். மன்றத்தின் பலம் கேட்பதில் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சொன்ன பதில் அதிகாரபூர்வ அறிக்கையில் அச்சாகிவிடும், பிறகு மாற்றிச் சொல்ல முடியாது.

கேட்பதற்குக் கூடுதல் வழிகளும் பிறந்தன. 2008இல் செல்காட் என்ற சிறப்புக் குழுவை மன்றம் அமைத்தது. அன்றைய சபாநாயகர் தெங் சாங் கிம் தலைமையில் அரசு நிறுவனங்களின் பொறுப்பாளர்களை அழைத்துப் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார்கள். 2011இல் நாட்டிலேயே முதன்முதலாகத் தகவல் பெறும் சுதந்திரத்துக்கு ஒரு மாநிலச் சட்டத்தை இம்மன்றம் நிறைவேற்றியது. மாநில இலாகாவிடம் உள்ள தகவலை நீங்களும் நானும் விண்ணப்பம் போட்டுக் கேட்கலாம் என்பது அதன் சாரம். நம்மில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம்? 2013இல் ஹன்னா யோ நாட்டின் முதல் பெண் சபாநாயகராக இங்கேதான் அமர்ந்தார் என்பதையும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

மற்ற நாடுகளில் எப்படி? தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள். போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் மாநிலத்தின் கையில். 1999இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 129 பேரைக் கொண்டது. அங்கே பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் அவர்கள் பொறுப்பு. அந்த வகையில் நம் மன்றம் எளிய மன்றம். ஆனால் இலங்கையைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தில் மாகாணங்களுக்கு நிலமும் போலீசும் ஏட்டில் எழுதப்பட்டன. வட மாகாண மக்கள் தங்கள் மன்றத்துக்கு முதல் வாக்குப் போட 2013 செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். 2018 அக்டோபரில் அதன் தவணை முடிந்தது. அந்த ஐந்து ஆண்டிலும் நிலம் யாருடையது என்ற வழக்காடல் ஓயவில்லை. இங்கே நிலம் மாநிலத்துக்கு என்பதில் 1957 முதல் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகம் நமக்குத்தான், யாரிடம் போவதென்று.

தமிழ்ப்பள்ளிக்குச் சட்டமன்றத்தால் என்ன பயன் என்று ஆசிரியர் நண்பர்கள் கேட்பதுண்டு. கல்வி மத்தியுடையது என்றாலும் 2008க்குப் பிறகு சிலாங்கூர் அரசு தன் பணத்திலிருந்து தமிழ்ப்பள்ளிகளுக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. அதைவிடப் பெரிது பள்ளிக்கூட நிலம். தோட்டம் விற்றுப் போனால் பள்ளி எங்கே போகும் என்ற கேள்விக்கு முதல் பதிலை மாநிலந்தான் சொல்ல வேண்டும். கட்டடம் கட்டுவது பிறகு.

சட்டமன்ற உறுப்பினருக்கு எழுத நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த சில யோசனைகள். முதலில் உங்கள் தொகுதி எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த தொகுதி உறுப்பினருக்கு எழுதினால் கடிதம் ஊர் சுற்றும். மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். நிலம் சம்பந்தப்பட்டதென்றால் லாட்டு எண் அவசியம். நிலவரிச் சீட்டில் இருக்கும், கிடைக்காவிட்டால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடலாம். ஒருவர் மட்டும் கையெழுத்திடாமல் லயத்தில் உள்ள எல்லாக் குடும்பமும் அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்திடட்டும். ஒரு நகலை வைத்துக்கொண்டு, சேவை மையத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று முத்திரை வாங்குங்கள். குழந்தையின் பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை போன்ற விஷயங்களை அங்கே கொண்டுபோனால் பரிந்துரைக் கடிதம் ஒன்று கிடைக்கலாம், முடிவு தேசியப் பதிவு இலாகாவுடையது. அதற்கு நாடாளுமன்ற உறுப்பினரையும் பார்த்து வையுங்கள்.

மன்றம் கூடும் நாளில் பொதுமக்கள் மாடத்திலிருந்து பார்க்கலாம். அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற உடையில் போக வேண்டும், உள்ளே பேசக்கூடாது. ஷா ஆலம் வரை போக முடியாதவர்கள் பிள்ளைகளின் கைப்பேசியில் நேரலையாகவும் பார்க்கலாம். உங்கள் கேள்வி ஆண்டின் நடுக் கூட்டத்துக்குப் போக வேண்டுமானால், அதற்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் சேவை மையத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.